வெள்ளிப் பெட்டி ஏன் நிலவறையில் இருந்தது? ரோமானிய வீடு ஒன்றை வாசிக்கப் பழகுவோம்

இத்தாலியின் பொம்பெய் நகரில் 1930-ஆம் ஆண்டு ஒரு பெரிய வீட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டின் குளியல் பகுதிக்குக் கீழே ஒரு நிலவறை. அதில் நிரம்பியிருந்த மண்ணை அள்ளும்போது மரப்பெட்டி ஒன்று தட்டுப்பட்டது. உள்ளே 118 வெள்ளிப் பாத்திரங்கள், துணியில் சுற்றி அடுக்கப்பட்டிருந்தன. கிண்ணங்கள், தட்டுகள், கரண்டிகள், புராணக் காட்சிகள் புடைப்பாகச் செதுக்கிய கோப்பைகள், முகம் பார்க்கும் வெள்ளிக் கண்ணாடி. மொத்த எடை ஏறத்தாழ 24 கிலோ. கூடவே தங்க நகைகள், 13 பொற்காசுகள், 33 வெள்ளிக்காசுகள்.

இப்படி ஒரு செய்தியைப் படித்தால் நமக்கு முதலில் தோன்றும் சொல் 'புதையல்'. இன்றைய விலைக்கு எவ்வளவு தேறும் என்று மனம் கணக்குப் போடும். அகழாய்வு செய்பவரின் மனத்தில் எழும் கேள்வி இது: விருந்து மேசையில் பளபளக்க வேண்டிய வெள்ளி, துணி சுற்றிய நிலையில் நிலவறைக்குள் ஏன் கிடந்தது?

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் தொல்லியலின் அடிப்படைக் கருத்து ஒன்று கைக்கு வந்துவிடும். பொருள் எங்கே கிடந்தது, எந்த மண்ணடுக்கில் கிடந்தது, அதன் பக்கத்தில் என்ன இருந்தது என்ற மூன்றையும் சேர்த்துத் தொல்லியலில் 'சூழல்' என்பார்கள். சூழல் தெரிந்த உடைந்த சட்டி ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லும். சூழல் தெரியாத பொற்கிண்ணத்தைப் பார்த்து ரசிக்கலாம், அவ்வளவுதான். இந்தக் கருத்தை விளக்க, அந்த வெள்ளி கிடைத்த வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். அதன் பெயர் 'மெனாண்டர் வீடு'.

வீடு எப்படிப் புதைந்தது என்று தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தது. முதல் நாள் நண்பகலுக்குப் பிறகு தொடங்கி இரவு முழுக்க வானத்திலிருந்து இலேசான, துளைகள் நிறைந்த நுரைக்கற்கள் கொட்டின. பொம்பெயில் அந்தக் கல்மழை மட்டுமே ஓர் ஆள் உயரத்தைத் தாண்டிக் குவிந்தது. பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்தன. மறுநாள் காலையில் கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த அலைகள் மலையிலிருந்து பாய்ந்து வந்து, எஞ்சியிருந்தவர்களைக் கொன்றன. தரையில் கிடந்த பொருள்கள் அந்த நாளில் எந்த இடத்தில் இருந்தனவோ ஏறக்குறைய அங்கேயே மூடப்பட்டன. வெடிப்பு ஆகஸ்ட் 24-ஆம் தேதி நடந்தது என்பது பழைய கணக்கு. அக்டோபர் 17-ஐக் குறிக்கும் கரிக்கட்டிக் கிறுக்கல் ஒன்று 2018-இல் ஒரு வீட்டுச் சுவரில் கிடைத்த பிறகு, இலையுதிர்காலத்தில் நடந்திருக்கலாம் என்ற கருத்து வலுத்திருக்கிறது. கரியால் எழுதியது அதிக நாள் அழியாமல் இருக்காதே! அதுவும் சூழலை வைத்துச் செய்த வாதம்தான்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. வெடிப்புக்குச் சுமார் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு, கி.பி. 62 வாக்கில், அந்த நகரத்தைப் பெரிய நிலநடுக்கம் தாக்கியிருந்தது. எரிமலை வெடித்த நாளிலும் பல வீடுகளில் மராமத்து வேலை முடிந்திருக்கவில்லை.

பொம்பெயில் தோண்டத் தொடங்கியது 1748-இல். அப்போது நோக்கம் வேறு: அரசரின் அரண்மனைக்கு அழகான சிலையும் ஓவியமும் வேண்டும். சுவரில் நல்ல ஓவியம் இருந்தால் வெட்டி எடுத்துப் போனார்கள். மற்றதைத் திரும்ப மண் தள்ளி மூடினார்கள். எது எந்த அறையில் கிடைத்தது என்ற குறிப்பு பெரும்பாலும் மிஞ்சவில்லை. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் அப்படி வீடிழந்த பொருள்கள் ஏராளம். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் இழந்த சூழலை எந்த விஞ்ஞானத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

1860-இல் பொறுப்புக்கு வந்த ஜுசெப்பே ஃபியொரெல்லி இந்தப் போக்கை மாற்றினார். தெருவிலிருந்து பக்கவாட்டில் குடைவதை நிறுத்தி, மேலிருந்து அடுக்கடுக்காக மண்ணை எடுக்கச் சொன்னார். ஊர் முழுவதையும் பகுதிகளாகவும் மனைத்தொகுதிகளாகவும் பிரித்து, ஒவ்வொரு வாசலுக்கும் எண் கொடுத்தார். மெனாண்டர் வீட்டின் முகவரி I.10.4, அதாவது முதல் பகுதி, பத்தாவது தொகுதி, நான்காவது வாசல். தபால்காரரே கண்டுபிடித்துவிடலாம். இந்த வீட்டை 1926 முதல் 1932 வரை தோண்டியவர் அமெதேயோ மையூரி. பரப்பு சுமார் 1,800 சதுர மீட்டர். நம் கணக்கில் எட்டு கிரவுண்டுக்கும் மேல்.

வாசலிலிருந்து உள்ளே

வசதியான ரோமானியர் வீட்டின் அமைப்பை விளக்கத் தமிழில் ஏற்கெனவே சொற்கள் இருக்கின்றன. பொம்பெயில் பல வீடுகளின் தெருப்பக்கம் கல் திண்ணைகள் உண்டு. கதவைத் தாண்டினால் குறுகலான ரேழி. அது போய்ச் சேரும் இடம் ஏட்ரியம் என்ற பெரிய கூடம். அதன் கூரை நடுவில் திறந்திருக்கும். நாலு பக்கமும் உட்புறமாகச் சரிந்திருக்கும். மழை அந்தத் திறப்பின் வழியே விழுந்து, நேர்கீழே தரையில் உள்ள ஆழமில்லாத தொட்டியில் சேரும். அங்கிருந்து நிலத்தடித் தொட்டிக்குப் போகும். வெளிச்சம், காற்று, தண்ணீர் மூன்றுக்கும் ஒரே வழி.

இந்தக் கூடம் ஊரார் பார்வைக்கானது. செல்வாக்குள்ளவரை அண்டி வாழ்பவர்கள் காலையில் வந்து வணங்கிவிட்டுப் போவது ரோமானிய வழக்கம். அவர்கள் நிற்கும் இடம் இது. கூடத்துக்குப் பின்னால், தெருவாசலுக்கு நேர் எதிரே, டாப்ளினம் என்ற வரவேற்பறை. அதற்கும் பின்னால் தூண்கள் சூழ்ந்த தோட்டம், பெரிஸ்டைல் என்பார்கள். கதவு திறந்திருந்தால் தெருவில் நடப்பவருக்கே தோட்டம் வரை தெரியும். வீட்டுக்காரரின் நிலை எவ்வளவு என்பதை அந்த நீண்ட பார்வையே சொல்லிவிடும்.

மெனாண்டர் வீட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் சிறு கோயில் போன்ற மாடம் இருக்கிறது. வீட்டுத் தெய்வங்களான லாரேக்களுக்கு அங்கே படையல் நடந்தது. பக்கத்துச் சிற்றறை ஒன்றின் சுவர்களில் திராய் நகரத்தின் வீழ்ச்சி: பாம்புகள் திராய்ப் பூசாரி லாவக்கூனைக் கொல்கின்றன, மரக்குதிரை ஊருக்குள் வருகிறது. தோட்டத்தைச் சுற்றி அமைந்த அறைகளில் ஒன்றின் தரையில் நைல் நதிக் காட்சி, வண்ணக் கற்சில்லுகளால் பதிக்கப்பட்டிருக்கிறது. பெரிய விருந்தறை ஒன்றும் உண்டு. பொம்பெயின் மிகப் பெரிய விருந்தறைகளில் அதுவும் ஒன்று.

தோட்டத்தின் பின்சுவரில் உள்ள ஒரு மாடக்குழியில், கையில் சுவடிச் சுருளுடன் அமர்ந்திருக்கும் ஒருவரின் ஓவியம் இருக்கிறது. அவர் மெனாண்டர் என்று ஓவியத்திலேயே எழுதியிருக்கிறது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் வாழ்ந்த நகைச்சுவை நாடக ஆசிரியர். (நம் பள்ளிப் பாடத்தில் வரும் இந்தோ-கிரேக்க அரசர் மெனாண்டர் வேறு.) வீட்டின் பெயர் இந்த ஓவியத்திலிருந்து வந்தது. வீட்டுக்காரருக்கும் மெனாண்டருக்கும் உறவு எதுவும் இல்லை. கிரேக்க இலக்கியம் படித்தவர் என்று விருந்தினருக்குக் காட்டிக்கொள்ள விரும்பியிருப்பார். பொம்பெய் வீடுகளின் பெயர்கள் பெரும்பாலும் இப்படி நாம் வைத்தவையே. புதிதாகப் படிப்பவர்கள் அவற்றை உரிமையாளர் பெயர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஈரோஸின் அறை

அப்படியானால் வீடு யாருடையது? விடையைத் தேட, ஓவியங்களை விட்டுவிட்டுக் கொல்லைப்புறத்துக்கு வர வேண்டும்.

வீட்டின் தென்கிழக்கு மூலையில் தொழுவமும் அதையொட்டிய முற்றமும் இருந்தன. அங்கே இருசக்கர வண்டி ஒன்றின் இரும்புப் பாகங்களும், எண்ணெயும் ஒயினும் நிரப்பும் ஆம்போரா சாடிகளும் கிடைத்தன. அந்தப் பகுதியிலிருந்த சாதாரண அறை ஒன்றின் சுவரில் அரிவாள், மண்வெட்டி போன்ற விவசாயக் கருவிகள் மாட்டப்பட்டிருந்தன. கட்டிலின் மேல் ஓர் ஆணின் எலும்புக்கூடு. அருகே ஒரு சிறுமியின் எலும்புக்கூடு. பணப்பை ஒன்றில் காசுகள். ஒரு வெண்கல முத்திரை. அதில் இருந்த பெயர் குவின்டஸ் பொப்பியஸ் ஈரோஸ்.

இந்தப் பெயரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'ஈரோஸ்' கிரேக்கப் பெயர். அடிமைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர்களில் ஒன்று. ரோமில் அடிமையை விடுவித்தால், அவர் தன் பழைய எசமானரின் முதல் பெயரையும் குலப்பெயரையும் முன்னால் சேர்த்துக்கொள்வார். தன் பெயரைக் கடைசியில் வைத்துக்கொள்வார். ஆகவே ஈரோஸை விடுவித்தவர் ஒரு குவின்டஸ் பொப்பியஸ். நீரோ மன்னனின் மனைவி பொப்பியா சபினாவின் குலமும் அதுவே. இதை வைத்துத்தான் வீடு பொப்பியஸ் குடும்பத்துடையது என்றும், ஈரோஸ் அவர்களுடைய நிலபுலன்களையும் வீட்டையும் பார்த்துக்கொண்ட காரியஸ்தர் என்றும் மையூரி முடிவுக்கு வந்தார்.

நல்ல ஊகம்தான். ஆனாலும் முத்திரை கையோடு தூக்கிப் போகக்கூடிய சிறு பொருள். அதை வைத்திருந்தவர் அந்த வீட்டில் இருந்தார் என்பது வரை உறுதி. வீடே அந்தக் குடும்பத்துடையது என்பது அதற்கு அடுத்த படி. கருவிகள் மாட்டிய சுவரும், பணப்பையும், முத்திரையும் ஒரே அறையில் இருந்ததால்தான் 'காரியஸ்தர்' என்ற விளக்கம் நிற்கிறது. மூன்றையும் தனித்தனியாக மூன்று கண்ணாடிப் பேழைகளில் வைத்திருந்தால் அந்த மனிதர் நமக்குக் கிடைத்திருக்கவே மாட்டார். இந்த வீட்டில் என்னை மிகவும் அசைத்தது வெள்ளியைவிட இந்த அறைதான். வெளியே உலகம் இருண்டு கல்மழை கொட்டும்போது, ஒருவர் சிறுமியோடு தன் அறையிலேயே இருந்திருக்கிறார், வரவுசெலவு முத்திரையையும் கைவிடாமல்.

மீண்டும் நிலவறைக்கு

இப்போது பெட்டிக்குத் திரும்பலாம். எரிமலையைக் கண்டு பயந்து அவசரமாக ஒளித்தார்களா? அவசரத்தில் வைத்தவர் ஒவ்வொன்றையும் துணி சுற்றி ஒழுங்காக அடுக்கியிருக்க மாட்டார். இன்னொரு தடயமும் உண்டு. நிலவறைக்கு மேலே இருந்த குளியல் பகுதியே அப்போது மராமத்தில் இருந்தது. ஆக, வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது, குடும்பத்தின் பெரியவர்கள் அங்கே இல்லை, விலையுயர்ந்த பாத்திரங்களைப் பத்திரமாகக் கட்டிக் கீழே இறக்கியிருந்தார்கள், காரியஸ்தர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்ற சித்திரம் உருவாகிறது. வீடு மாற்றும்போதும் வெள்ளையடிக்கும்போதும் நாமும் பீரோவைக் காலி செய்து பொருள்களைக் கட்டி வைக்கிறோமே, அதே வேலைதான்.

காசுகளின் மதிப்பையும் பார்த்துவிடலாம். செஸ்டெர்ஸ் என்பது ரோமானியர் கணக்குப் பார்த்த நாணய அலகு. ஒரு பொற்காசுக்கு 100 செஸ்டெர்ஸ். ஒரு வெள்ளி தினாரியஸுக்கு 4 செஸ்டெர்ஸ். எனவே 13 பொற்காசு 1,300, 33 வெள்ளிக்காசு 132, கூட்டினால் 1,432. அந்தக் காலத்தில் ரோமானியப் படைவீரரின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டெர்ஸ். ஒன்றரை ஆண்டுச் சம்பளத்துக்கு மேல் அந்தப் பெட்டிக்குள் சும்மா கிடந்திருக்கிறது. வெள்ளியின் மதிப்பு இதில் சேரவில்லை.

இந்த வீட்டில் வேறு சிலரின் எலும்புக்கூடுகளும் கிடைத்தன. அவர்களில் சிலரோடு மண் தோண்டும் கருவிகள் இருந்தன. சுவர்களில் உடைத்த ஓட்டைகளும் காணப்பட்டன. தப்பிக்கச் சுவரை உடைத்தவர்களா? வெடிப்பு ஓய்ந்த பின் பொருள்களை மீட்கவோ திருடவோ உள்ளே இறங்கி மாட்டிக்கொண்டவர்களா? இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். எலும்பு நுரைக்கல் அடுக்குக்குக் கீழே இருந்ததா மேலே இருந்ததா என்று துல்லியமாக அளந்தால்தான் விடை நெருங்கும்.

அறையின் பெயரும் அறையில் இருந்ததும்

பாடநூல் வரைபடங்களில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு இலத்தீன் பெயர் போட்டிருப்பார்கள்: இது படுக்கையறை, இது சாப்பாட்டறை. இந்தப் பெயர்களைப் பெரும்பாலும் விட்ருவியஸ் போன்ற ரோமானிய எழுத்தாளர்களின் நூல்களிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆய்வாளர் பெனலோப்பி ஆலிசன் பொம்பெயில் 30 வீடுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அறையிலும் உண்மையில் என்ன கிடைத்தது என்பதைப் பழைய தோண்டல் நாட்குறிப்புகளிலிருந்து தொகுத்தார். பெயரும் பொருளும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. பிரமுகர்களை வரவேற்கும் பெருங்கூடம் என்று நாம் நினைத்த ஏட்ரியத்தில் அலமாரிகளும் பெட்டிகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் இருந்தன. நெசவுத்தறியின் நூலை இழுத்துப் பிடிக்கும் சுடுமண் குண்டுகளும் கிடைத்தன. காலையில் வரவேற்பு, பிற்பகலில் நெசவு, மழை நாளில் குழந்தைகளின் விளையாட்டு என்று ஒரே கூடம் பல வேடம் போட்டிருக்கும். கூடத்தில் படுத்துறங்கி, கூடத்திலேயே சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பு எதுவும் இருக்காது.

அடுப்படி வேறு கதை. மெனாண்டர் வீட்டில் அது விருந்தினர் கண்ணில் படாதபடி நீண்ட நடைக்கு அப்பால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அங்கே வெந்தவர்கள் அடிமைகள்.

இல்லாத பொருளையும் படிக்கலாம். தோட்டத்தின் மூலையில் இருந்த ஒரு சிறு வழிபாட்டு அறையில், கெட்டிப்பட்ட மண்ணுக்குள் சில பொந்துகள் இருந்தன. அவற்றில் சாந்தை ஊற்றி, இறுகிய பின் சுற்றியிருந்த மண்ணை எடுத்தபோது மனிதத் தலைகளின் வடிவம் வந்தது. மரத்தாலோ மெழுகாலோ செய்த முன்னோர் உருவங்கள் மக்கிப்போய் விட்டுச் சென்ற வெற்றிடங்கள் அவை. இறந்த மனிதர்களின் உருவத்தை இதே முறையில் எடுக்கும் வழக்கத்தை 1863-இல் தொடங்கியவர் ஃபியொரெல்லி. மேலிருந்து அவசரமாகக் கடப்பாரை போட்டிருந்தால் அந்தத் தலைகள் காற்றாகவே போயிருக்கும்.

மெனாண்டர் வீடு பணக்காரர் வீடு என்பதை நினைவில் வைக்க வேண்டும்; பொம்பெய்வாசிகள் பெரும்பாலோர் இப்படி வாழவில்லை. நகரத்தின் ஐந்தாம் பகுதியில் உள்ள நடுத்தரக் குடும்பத்து வீடு ஒன்றிலிருந்து கிடைத்தவை 2022-இல் அறிவிக்கப்பட்டன. திறந்தபடி விடப்பட்ட மரப்பெட்டி, மூன்று கால் குட்டி மேசை, அதன்மேல் ஒரு மண்கிண்ணம், தட்டுவைத்த அலமாரி. நகருக்கு வெளியே சிவிட்டா ஜூலியானா என்ற இடத்தில் 2021-இல் வெளிப்பட்ட ஓர் அறையில், 16 சதுர மீட்டருக்குள் மூன்று கட்டில்கள், வண்டிச் சேணச் சாமான்களின் பெட்டி, மூலையில் சாடிகள். அடிமைகள் தங்கிய அறை அது. மூன்றில் ஒரு கட்டில் சிறியது; குழந்தையுடையதாக இருக்கலாம்.

மண்ணடுக்கு காட்டும் ஆண்டு

சூழல் காலத்தையும் சொல்லும். 1938-இல் இதே மையூரி பொம்பெயின் இன்னொரு வீட்டில் யானைத் தந்தச் சிற்பம் ஒன்றைக் கண்டெடுத்தார். சுமார் 25 சென்டிமீட்டர் உயரம். நகைகள் அணிந்த இந்தியப் பெண், இருபுறமும் சிறு தோழியர். முதலில் லட்சுமி என்றார்கள். யட்சியாக இருக்கும் என்று பலர் இன்று கருதுகிறார்கள். இந்தியச் சிற்பங்களுக்குக் காலம் குறிப்பது பெரும்பாலும் பாணியை ஒப்பிட்டுச் செய்யும் கடினமான வேலை. இந்தச் சிற்பமோ வெசுவியஸின் சாம்பலுக்குக் கீழே கிடந்தது. கி.பி. 79-க்குப் பிந்தியது அல்ல என்று ஐயமின்றிச் சொல்லிவிடலாம். மகாராஷ்டிரத்தின் தேர், போகர்தன் ஆகிய ஊர்களில் கிடைத்த இதுபோன்ற சிற்பங்களுக்கும் அது ஒரு அளவுகோலானது.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது, புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே. இத்தாலிய வீடுகளின் சாப்பாட்டு மேசையில் பளபளப்பான செந்நிற மண்தட்டுகள் இருந்தன. அரெட்டியம் நகரத்துப் பட்டறைகள் பெயர் பெற்றவை. தட்டின் உள்ளே தங்கள் முத்திரையைக் குத்துவார்கள். அவை எந்த ஆண்டுகளில் செய்யப்பட்டன என்பது ஐரோப்பாவில் நன்றாகத் தெரியும். 1945-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது அந்தச் செந்நிறத் தட்டுகளின் ஓடுகள் கிடைத்தன. அவை கிடந்த அடுக்குக்கு ஆண்டு குறித்ததும், அதே அடுக்கில் கிடந்த உள்நாட்டுப் பானைகளுக்கும் ஆண்டு கிடைத்தது. வட்டவட்டமாகப் புள்ளிக்கோடு இழைத்த ரௌலட்டட் வகைத் தட்டுகள் அவற்றில் முக்கியமானவை. அதே தட்டுகள் கிழக்குக் கடற்கரை நெடுகவும் இலங்கையிலும் கிடைப்பதால், காலம் தெரியாமல் கிடந்த பல ஊர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது.

வீலர் அரிக்கமேட்டை ரோமானிய வணிகத்தால் பிறந்த ஊராகவே பார்த்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழு அங்கே மறுபடியும் தோண்டியது. இத்தாலியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்பதற்கான சான்றுகள், அந்தச் செந்நிற ஓடுகளுக்குக் கீழே இருந்த அடுக்குகளில் இருந்தன.